துரொண்ட்ஹெய்மில் படிக்கிற தம்பி

என் தம்பி துரொண்ட்ஹெய்மில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள்கூட அந்த நகரத்தில் கால் வைத்ததில்லை. அவன் நோர்வே இராணுவத்தில் இருந்தான். முதலில் வடக்கே பனிக்குள் ஒரு முகாமில், பிறகு ஆப்கானிஸ்தானில். துரொண்ட்ஹெய்ம் அம்மாவின் கண்டுபிடிப்பு.

அதை ஏன் கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆமி என்றால் இராணுவம் என்று அகராதியில் போடலாம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொதுவான பொருள் இருந்ததே இல்லை. அப்பாவைப் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோனது ஆமி. பல வாரம் கழித்து அவரைத் திருப்பி விட்டதும் ஆமி. திரும்பி வந்த அப்பா அதற்குப் பிறகு கட்டிலில் படுக்கவில்லை. ஒஸ்லோவுக்கு வந்து, அம்மருட்டில் மாடிக் குடியிருப்பில் வீடு எடுத்து, நல்ல கட்டில் வாங்கிப் போட்ட பிறகும் வாசலைப் பார்த்தபடி கதிரையில்தான் நித்திரை கொண்டார். ஒரு மாரி காலத்தில் அந்தக் கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார். அந்த மனிதருடைய மகன் விரும்பிப் போய் ஓர் ஆமியில் சேர்ந்தான் என்றால் கோயிலில் நாலு சனத்துக்கு முன்னால் அம்மா எந்த முகத்தோடு நிற்பார்?

“ஆமியிட்டை இருந்து பிள்ளையைக் காப்பாத்திக் கொண்டுவந்து வெள்ளைக்காரன்ரை ஆமிக்குக் குடுத்தவள் எண்டு சொல்லுவினம்,” என்றார் அம்மா.

சொல்லியிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் சனம் நாக்கை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல.

தம்பி ஏன் போனான்? கட்டாய இராணுவப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது, போனான். அங்கே முதல் தடவையாக ஒருவரும் தன்னிடம் “உண்மையில் நீ எந்த ஊர்?” என்று கேட்கவில்லை என்றான். சீருடை போட்டதும் கேள்வி நின்றுவிட்டதாம். கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவன், இருபது வயது வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவன், அங்கேயே தங்கிவிட்டான். பிறகு வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று கையெழுத்தும் போட்டான். நான் கத்தினேன். அம்மா ஒரு வாரம் அவனோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு துரொண்ட்ஹெய்மைக் கண்டுபிடித்தார்.

உறவுக்காரர் ஒருவரும் அங்கே இல்லை என்பதுதான் அந்த நகரத்தின் சிறப்பு. ஆனால் தமிழர் இல்லாத நோர்வே நகரம் எது? பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் எங்கள் பிள்ளைகள் இல்லாமல் இருப்பார்களா? முதல் திருவிழாவிலேயே ஒரு அன்ரி வந்து, தன் பெறாமகன், தங்கச்சியின் பிள்ளை, அவனும் அங்கேதான் படிக்கிறான், உங்கள் மகனைக் கண்டதே இல்லை என்கிறான் என்றார். அம்மா கண் சிமிட்டாமல், அவன் அறையை விட்டு வெளிக்கிடுவதே இல்லை, சாப்பிடவும் மறந்து படிக்கிறான் என்றார். பக்கத்தில் பூத்தட்டோடு நின்ற எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அம்மா பூசணித் தோட்டத்தையே மறைத்தார். நான் எத்தனையோ தடவை சண்டை போட்டேன். அவன் களவெடுக்கவா போனான், உள்ளதைச் சொல்லிவிட்டுப் போங்களேன் என்றேன். அம்மா கேட்கவில்லை.

அவன் ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பி வந்த அன்று அம்மா நண்டுக் குழம்பு வைத்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார், தலையைத் தடவினார். போன மாதிரியே வந்திட்டான் என்று சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். அவனும் சிரித்தான். குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

எனக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவோடு இருந்தபடி, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் பொதிகள் பிரிக்கும் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். கலியாணம் கட்டி நானும் அந்த ஊரில்தான் இருந்தேன். கோயில் பக்கம் அவன் போகாததால் அங்கே அவன் இன்னும் துரொண்ட்ஹெய்மில்தான் படித்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்து ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போவான். எப்போதும் ஒரே கதிரை. அந்தக் கதிரையில் யாராவது இருந்தால் நின்றுகொண்டே குடிப்பான். அதில் இருந்தால்தான் கதவு தெரியும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. கார் ஓட்டும்போது தெருவோரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தாலும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவான். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அம்மாவின் குக்கர் மூன்றாவது விசில் அடிக்க முதல் எழுந்து போய் அடுப்பை நிற்பாட்டுவான். அம்மா பருப்பு வேகவில்லை என்று பேசுவார். நித்திரை துண்டு துண்டாக வரும். பழைய கூட்டாளிகள் அழைத்தால் தொலைபேசியை எடுக்க மாட்டான். முன்பெல்லாம் என்னைப் பகிடி பண்ணாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவன், பகிடியை அப்படியே விட்டுவிட்டான்.

ஆனால் அவன் குடிக்கவில்லை. கத்தவில்லை. ஒரு நாளும் வேலைக்குப் பிந்திப் போகவில்லை. கெட்டுப்போனான் என்று சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறான் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஒரு சனிக்கிழமை கடையில் அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டு அவனுடைய காரில் வந்துகொண்டிருந்தோம். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினான். அங்கே ஒரு தெருவில் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்களாம். சோதித்தது அந்த நாட்டுப் பொலிஸ். இவர்கள் சுற்றிவரத் துவக்கோடு காவல் நின்றவர்கள் மட்டுந்தான். சனத்தை இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. வெள்ளை முகங்களை எல்லாம் தாண்டி நேரே இவனிடம் வந்தாளாம். இவன் முகம் அவர்களுடைய முகத்துக்குக் கிட்ட இருந்திருக்க வேண்டும். வந்து, இவன் ஒன்றும் கேட்க முதலே நிலத்தில் குந்தி மூட்டையை அவிழ்த்தாளாம். குழந்தையின் உடுப்பு, ரொட்டி, ஒரு மருந்துப் போத்தல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து இவன் சப்பாத்துக்கு முன்னால் வைத்தாளாம்.

“வேண்டாம் எண்டு நோர்ஸ்கிலை சொன்னன். பிறகு இங்கிலிசிலை சொன்னன். கடைசியா என்னையறியாமல் தமிழிலை சொல்லிப்போட்டன், வேண்டாம் அம்மா, வேண்டாம் எண்டு. அவ நிப்பாட்டேல்லை. என்னைப் பார்த்துச் சிரிச்சா, அக்கா.”

எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். ஆனையிறவு ஆமிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா அதற்கு முன்பே நோர்வேக்கு வந்துவிட்டார். அவரோடு சேர அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தார். தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். அம்மா இதே மாதிரி, கேட்க முதலே, எங்கள் உடுப்புகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். உதறும்போது ஆமிக்காரனைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கதையை அம்மா பிறகு வீட்டில் பகிடியாகத்தான் சொல்வார், உன்ரை மூத்திரத் துணியையும் ஆமிக்காரன் மூக்குக்கு முன்னாலை உதறினனான் என்று. தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். சிறுவயதில் அவனுக்கு மிகவும் பிடித்த கதை அது.

“பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் நடக்கேல்லை. ஒருத்தரும் சாகேல்லை, ஒரு வெடி வெடிக்கேல்லை. பஸ் போயிட்டுது.” கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுச் சொன்னான். “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. அவவுக்கு நான்தான் சொல்ல வேணும்.”

அதற்குப் பிறகுதான் நான் அவனை விடாமல் பிடித்துத் தள்ளி மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். நடுத்தர வயது நோர்வேஜியப் பெண், மெல்லக் கதைக்கிறவர். பல தடவை போனான். அறிகுறிகள் சில இருக்கின்றன, சில இல்லை என்றாராம். பயங்கரக் கனவு வருவதில்லை. அங்கே உயிருக்கு ஆபத்தான சம்பவம் என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறான். பஸ் கதையை அவரிடம் அவன் சொல்லவே இல்லை. இது ஒரு சம்பவமா என்று என்னிடம் கேட்டான். வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று வீட்டாரிடம் கேட்டால் தெளிவாகும் என்று மருத்துவர் சொன்னார். தெளிவானால் ஒழுங்கான சிகிச்சை தொடங்கும், வேலையில் இருந்து விடுப்பும் கிடைக்கும். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. அவனுக்கு முக்கியம் வேறு.

“அம்மா வந்து அந்த அறையிலை இருந்தா எண்டால் நான் எல்லாத்தையும் சொல்லிப்போடுவன்,” என்றான். “வீட்டிலை வைச்சுச் சொல்ல ஏலாது.”

வீட்டில் வைத்துச் சொல்ல முடியாதுதான். அது வன்னியில் போர் முடிவை நெருங்கிய வசந்தம். அம்மா வீட்டில் காலையில் போட்ட தொலைக்காட்சி நிற்பதே இல்லை. பதுங்குகுழி, தறப்பாள், பிள்ளைகளின் உடல்கள். அம்மா சமைத்தபடி அழுவார், அழுதபடி சமைப்பார். தம்பி ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். அம்மா திரும்பிப் பார்த்து, அங்கே சனம் பங்கருக்குள் கிடந்து சாகுது, உனக்குச் சத்தம் கேட்கவே கஷ்டமாக இருக்கோ என்று கேட்டார். அவன் சத்தத்தைத் திரும்பக் கூட்டிவிட்டுப் போய் பல்கனியில் நின்றான். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதங்களில் எங்களில் யார்தான் தன் வலியைப் பெரிது என்று எண்ணத் துணிந்தோம்? ஆனால் அவனுடைய குளிர்ச் சட்டையை எடுத்துக்கொண்டு நானும் பல்கனிக்குப் போனேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அம்மா கோயிலுக்குக் கட்டும் சீலையைக் கட்டினார். அதற்கு மேல் குளிர்ச் சட்டை. தோளில் எப்போதும் கொண்டு போகும் கறுப்புக் கைப்பை. அந்த அறையில் கதிரையின் நுனியில் இருந்தார். தம்பி தனக்குப் பிடித்த மாதிரி, கதவு தெரியும் கதிரையில் இருந்தான். முகம் வெளிச்சமாக இருந்தது. பள்ளியில் பாட்டுப் பாட மேடைக்கு ஏற முதல் அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

மகன் எப்படி நித்திரை கொள்கிறார் என்று மருத்துவர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மா யோசித்து, தகப்பன் கொண்ட அளவுக்குக் கொள்கிறான் என்றார். சத்தம் கேட்டால் திடுக்கிடுவாரா? திடுக்கிடாத ஆள் ஆர், புதுவருசத்துக்கு வாணம் விட்டால் நாங்கள் எல்லாரும் யன்னலைப் பூட்டிப்போட்டு ரிவியைக் கூட்டி விடுறனாங்கள் என்றார். கதவைப் பார்த்தபடி இருப்பாரா? அம்மா அந்தக் கேள்வியில் என்ன விசேஷம் என்று விளங்காமல் என்னைப் பார்த்தார்.

“எங்கட வீட்டிலை எல்லாரும் அப்பிடித்தானே, பிள்ளை. வேறை எப்பிடி இருக்கிறது?”

அம்மா பொய் சொல்லவில்லை. கோயிலில் கண் சிமிட்டாமல் பொய் சொன்ன மனுஷி அந்த அறையில் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. ஒழுங்காக நித்திரை கொள்ளும் ஓர் ஆணை அவர் தன் வீட்டில் கண்டதில்லை. நான் அதைத்தான் மருத்துவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முன்பு இப்படி இல்லை, எங்கள் வீட்டை வைத்து அளக்காதீர்கள் என்று தொடங்கினேன். மருத்துவர் தலையாட்டிக்கொண்டே பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அம்மா பேனையைக் கண்டார். வெள்ளைக்காரர் ஒருவர் தன்னைப் பற்றி எழுதுகிறார், எதையோ தீர்மானிக்கிறார் என்று அந்த உடம்புக்குத் தெரிந்தது. கைப்பையின் சிப்பை இழுத்தார். வதிவிட அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வங்கி அட்டை. அவர் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையின் வேலை அட்டை. மாதப் பயணச் சீட்டு. அப்பாவின் மரணச் சான்றிதழ், மடிப்புக் கிழிந்தது. கண்ணாடிக் கூடு, விபூதிப் பொட்டலம். ஒவ்வொன்றாக, வரிசையாக, மருத்துவருக்கு நேரே திருப்பி வைத்தார். வைத்துக்கொண்டே சிரித்தார்.

மருத்துவர் குழம்பிப்போய், இதெல்லாம் தேவையில்லை, தேவையில்லை என்று அன்பாகச் சொன்னார். அம்மா நிறுத்தவில்லை.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் எழுந்து நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை. மேசையில் கிடந்த சாமான்களைத்தான் பார்த்தான், பிறகு அம்மாவின் சிரிப்பை. பிறகு நல்ல தெளிவான நோர்வேஜிய மொழியில், அம்மா சொல்வது சரி, எனக்கு ஒன்றும் இல்லை, உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டோம் என்றான்.

நான் பொறுக்கவில்லை. இவன் ஒரு பஸ்ஸை மறித்த இடத்தில் நின்றவன் என்று மருத்துவரிடம் தொடங்கினேன்.

“அக்கா, காணும், விடு,” என்றான்.

மருத்துவர் அவனைப் பார்த்தார். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தம்பியின் விருப்பம் இல்லாமல் மேற்கொண்டு கேட்க முடியாது என்றார் அந்தப் பெண். அவரிடம் கருணை இருந்தது, வழி இருக்கவில்லை. சில அறிகுறிகள் இருக்கின்றன, ஆனால் நோய் என்று சொல்லும் கோட்டைத் தொடவில்லை, அது நல்ல விஷயம், கூடினால் வாருங்கள் என்றார். காய்ச்சல் என்றால் கோடு சரி. இந்தக் கோட்டை எங்கே கீறினார்கள், யாருடைய வீட்டை வைத்துக் கீறினார்கள்? கேட்டிருக்கலாம். தம்பி அதற்குள் வெளியே போய்விட்டான்.

அவன் எங்களோடு வரவில்லை. சுரங்க ரயிலில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்கு நிம்மதி. நல்ல மனிசி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப்போட்டா என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி ஏன் என்ரை பையைப் பார்த்து அப்பிடி வெளிறினவன்? நான் ஏதும் பிழையாச் செய்துபோட்டனோ?”

“இல்லை அம்மா,” என்றேன். அவனே சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான்.

அவன் சொல்லவே இல்லை. இலையுதிர் காலத்தில் வேறு நகரத்தில் இதே மாதிரி ஒரு கிடங்கு வேலை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். எங்கே என்று கேட்டேன். துரொண்ட்ஹெய்ம் என்றான். நான் அவனைப் பார்த்தபடியே இருந்தேன். திரும்பி வந்த பிறகு அவன் செய்த ஒரே பகிடி அதுதான்.

“அங்கை எனக்கு நல்ல பேர் இருக்கு. அறையை விட்டு வெளிக்கிடாமல் படிக்கிற பெடியன்.”

முதலில் நான் அழைத்தால் தொலைபேசியை எடுத்தான். பிறகு அது அடித்து அடித்து நின்றது. எல்லாம் நல்லம் என்று குறுஞ்செய்தி மட்டும் வரும். ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் ரயில் ஏறிப் போனேன். கதவைத் திறந்தான், தேத்தண்ணி ஊற்றித் தந்தான், வேலை எப்படி என்று கேட்டான். அறை துப்புரவாக இருந்தது. கட்டிலில் விரித்த விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. வாசலைப் பார்த்தபடி ஒரு கதிரை. கதிரையின் கையில் மடித்து வைத்த போர்வை. நான் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவனும் பார்த்தான். திரும்பி வரும் ரயிலில், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போகும்வரை அழுதேன்.

நேரே அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இனிச் சொல்லப்போவதில்லை என்று அந்தக் கதிரையைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ், மூட்டை, மருந்துப் போத்தல், சிரிப்பு, எல்லாம். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டார்.

“அந்தத் தாயை விட்டவையோ?” என்றார்.

“விட்டவை.”

“என்னையும் விட்டவங்கள்தான்,” என்றார் அம்மா. அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து அப்பாவின் கதிரையில் இருந்தார். “அண்டையிலை இருந்து நான் ஒரு நாள் ஒழுங்கா நித்திரை கொண்டனோ எண்டு ஆரும் கேட்டதில்லை, பிள்ளை. நானும் கேக்கேல்லை. அதாலைதான் அவன்ரை நித்திரையும் எனக்குத் தெரியேல்லை.”

அடுத்த தேர்த் திருவிழாவுக்கு நான்தான் அம்மாவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்போது அதே அன்ரி எதிரே வந்தார். மகன் இப்ப எங்கை என்று கேட்டார்.

அதற்கு எத்தனையோ வருடம் அம்மா கண் சிமிட்டாமல் சொன்ன பதில் ஒன்று இருந்தது. இப்போது அது உண்மையும்கூட. அம்மா வாயைத் திறந்தார். திரும்ப மூடினார். அன்ரியைப் பார்த்து மெல்லச் சிரித்தார். கை கைப்பையின் சிப்பைத் தேடிப் பிடித்து இழுக்கத் தொடங்கியது.

நான் அந்தக் கையை என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன்.

“துரொண்ட்ஹெய்மிலை,” என்றேன்.

“இன்னும் படிப்பு முடியேல்லையோ?”

“இன்னும் இல்லை, அன்ரி.”

அவர் நல்ல மனுஷி. அம்மாவின் தோளைத் தட்டி, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இவ்வளவு காலம் எடுக்கும், கவலைப்படாதேங்கோ என்று சொல்லிவிட்டுத் தேர் இழுக்கப் போனார்.